முதலில் முகத்தைக் காட்டு

போன மாதம் ரேவதி மீஞ்சூரில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அரசு ஆஸ்பத்திரியில், அதே பிரசவ வார்டில், இப்போது அவள் ஸ்டாஃப் நர்ஸ். வந்த வேகத்தில் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். வார்டில் எல்லாவற்றையும் இனி கம்ப்யூட்டரில்தான் ஏற்ற வேண்டுமாம். குறையோடு பிறந்த குழந்தை என்றால் திரையில் நீளமாகப் பெயர்கள் வருமாம், அதில் ஒன்றைத் தொட வேண்டுமாம்.

“இத்தப் பாருங்கக்கா. தொராகோபேகஸ், ஆம்ஃபலோபேகஸ், அமீலியா, ஃபோகோமீலியா... வாயில நுழையவே மாட்டேங்குது. உங்க காலத்துல நீங்கல்லாம் இன்னான்னு எழுதினு இருந்தீங்க?”

“நாங்க எழுதுனத சொன்னா உனக்குச் சோறு எறங்காதுடி” என்றேன்.

அவளா விடுவாள்? பாதி சொன்னேன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. டீயை ஆற வைத்துவிட்டுக் கிளம்பிப் போனாள். அந்த மீதி மனதைப் பிடுங்கிக்கொண்டே இருக்கிறது. எழுதிவிட்டால் தேவலை என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் அப்பா வயல் வேலைக்குக் கூலிக்குப் போனவர். நான் நர்ஸ் படிப்புக்குச் சென்னைக்குப் போனதும், அங்கே ஹாஸ்டலில் புளித்துப்போன சாம்பாரைத் தின்றதும் எல்லோருடைய கதையும்தான். அதை விட்டுவிடலாம். படிப்பில் நினைவிருப்பது ஒரு தலைப்பு. ஒட்டிப் பிறந்த இரட்டையர், கை கால் இல்லாத குழந்தை, மண்டையோடு மூடாத குழந்தை, எல்லோரையும் ஒரே தலைப்பின் கீழ் போட்டிருந்தார்கள். மான்ஸ்டர்ஸ். பரீட்சைக்கு வரும் என்று அடிக்கோடு போட்டுப் படித்தோம். வேலைக்கு வந்த பிறகு பார்த்தால் கேஸ் ஷீட்டிலும் அதையே எழுதிக்கொண்டிருந்தார்கள். பெண் மான்ஸ்டர், ஆண் மான்ஸ்டர் என்று.

இதை நிறுத்தியவர் டாக்டர் கமலவேணி. எங்கள் பிரசவப் பிரிவுக்குத் தலைமை டாக்டராக வந்தவர். குள்ளமான உருவம், கஞ்சி போட்ட காட்டன் புடவை, மருந்து வாடைக்கு நடுவிலும் லேசாக மஞ்சள் வாசனை. அவர் கத்த மாட்டார். கத்தினால்கூடப் பரவாயில்லை என்றிருக்கும். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து லீவு போட்டவர்கள் உண்டு.

வந்த புதிதில் ஒரு கேஸ் ஷீட்டைத் தூக்கி, “இதை எழுதினது யாரு?” என்றார்.

“நான்தான் மேடம். புக்குல அப்படித்தான் இருக்கு” என்றார் மூத்த சிஸ்டர்.

“சரி. அந்தப் பொண்ணு அதோ படுத்திருக்கா. போய் இதை அவளுக்குப் படிச்சுக் காட்டுங்க.”

சிஸ்டர் அசையவில்லை. டாக்டரும் அசையவில்லை. கடைசியில் சிஸ்டரே பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்தார். அதற்குப் பிறகு என்ன குறையோ அதன் பெயரை மட்டும் எழுதினோம். அந்தப் பெயர்களும் லேசுப்பட்டவை இல்லை. அமீலியா என்றால் கையோ காலோ அடியோடு இல்லை. ஃபோகோமீலியா என்றால் தோளிலிருந்தே நேராக உள்ளங்கை முளைத்திருக்கும், கடல்நாயின் துடுப்பு மாதிரி என்று அந்தப் பெயராம். நடு விரல்கள் இல்லாமல் பிளந்த கைக்கு நண்டுக் கொடுக்கு என்று பெயர். பெயர் வைத்த மகராசன்களுக்குக் கடல்நாயையும் நண்டையும் விட்டால் வேறு கிடைக்கவில்லை போலிருக்கிறது! இந்தப் பெயர்கள் எல்லாம் காகிதத்தோடு நிற்க வேண்டும், தாயின் காதுக்குப் போகக் கூடாது என்பது டாக்டரம்மாவின் கட்டளை.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். குழந்தை பிறந்ததும் தூக்கித் தாயின் கண்ணுக்கு நேரே பிடிப்போம். “இன்னா கொழந்த? நீயே பாத்துச் சொல்லு” என்போம். ஆணா பெண்ணா என்று அவள் வாயால் சொன்ன பிறகுதான் குழந்தையின் காலில் அடையாளப் பட்டி கட்டுவோம். பிறகு யாரும் வந்து குழந்தையை மாற்றிவிட்டீர்கள் என்று கொடி பிடிக்கக் கூடாதே. ஆனால் குறையோடு பிறந்தால் மட்டும் இந்த வழக்கம் கிடையாது. பச்சைத் துணியில் சுருட்டி வெளியே சொந்தக்காரர்களிடம் காட்டுவோம். அவர்கள் சொல்வதுதான். முக்கால்வாசிப் பேர் “செத்துப் பொறந்துச்சுன்னு சொல்லிடுங்க” என்பார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கும் அதே தீர்ப்புதான். தாய்க்குக் கடைசிவரை தெரியாது.

டாக்டர் கமலவேணி அதையும் மாற்றினார். எல்லாக் குழந்தையையும் தாய் பார்த்தாக வேண்டும். எப்படிக் காட்டுவது என்று எங்களை வரிசையாக நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தார். நின்றுகொண்டு காட்டாதே, ஸ்டூல் போட்டு அவள் தலைமாட்டில் உட்கார். முதலில் முகத்தைக் காட்டு. அவள் போதும் போதும் என்று பார்த்து முடிக்கட்டும். அப்புறம் துணியைப் பிரி. குறையை மறைக்காதே, அதற்காக அதையே முதலில் கொண்டுபோய்க் காட்டாதே. வீட்டில் பேசுகிற தமிழில் என்ன என்று சொல். பாவம் என்று சொல்லாதே, கடவுள் விட்ட வழி என்று சொல்லாதே, கிரகணம் என்று எவளாவது வாயெடுத்தால் வெளியே அனுப்பு. சொல்லி முடித்ததும் வாயை மூடு. அடுத்த பேச்சு அவளுடையது.

சொன்னால் சுலபமாக இருக்கிறது. கையில் குழந்தையை வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

சொற்கள் என்ன பாடு படுத்தும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு பையன் இடது முழங்கைக்குக் கீழே கை இல்லாமல் பிறந்தான். அப்பா கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருட்டாலைத் தொழிலாளி. பயிற்சி டாக்டர் ஒருவர் வெளியே போய் அவரிடம், “கன்ஜெனிட்டல் ஆம்ப்யூட்டேஷன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பழைய புத்தகத்தில் அதற்கு அப்படித்தான் பெயர். கும்மிடிப்பூண்டியில் வேலை செய்கிறவர்களுக்கு இங்கிலீஷ் தெரிகிறதோ இல்லையோ, ஆம்ப்யூட்டேஷன் தெரியும். மெஷினில் கை போன கூட்டாளி ஒருவனாவது எல்லோருக்கும் இருப்பான். அவ்வளவுதான், கதவு அதிர்ந்தது.

“எவன்டா எடுத்தது எம் புள்ள கைய? எங்கிட்ட கேக்காம எவன்டா எடுத்தது?”

ஷிப்ட் முடிந்து சட்டையில் கிரீஸோடு கூட்டாளிகளும் வந்து சேர்ந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் என் கையைப் பிடித்துக் கெஞ்சினார். “சிஸ்டர், எடுத்த கைய ஐஸ்ல போட்டீங்களா? குடுங்க சிஸ்டர். நேரா மெட்ராஸ் எடுத்துனு போனா ஒட்டிருவாங்க. எங்க ஆளு ஒருத்தனுக்கு ஒட்டிக்கீறாங்க.”

டாக்டரம்மா குழந்தையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். அத்தனை சத்தத்திலும் முதலில் முகத்தைத்தான் காட்டினார். பையன் கொட்டாவி விட்டான். பிறகு துணியை விலக்கினார். முழங்கைக்குக் கீழே முடிந்துபோன அந்த நுனியில் கடுகு கடுகாகச் சின்ன மொட்டுகள்.

“நல்லா பாருங்க. இது விரல். வர ஆரம்பிச்சு அப்படியே நின்னுபோச்சு. யாரும் வெட்டலை. வயித்துக்குள்ளயே கை வளரலை.”

அந்த அப்பா கட்டைவிரலால் நுனியைத் தடவிப் பார்த்தார். வெட்டுப்பட்ட கைகளை நிறையப் பார்த்தவர் அவர். “தையல் இல்லியே... தழும்பே இல்லியே” என்று முணுமுணுத்தார். பிறகு அங்கேயே சுவரோரம் குந்திக்கொண்டு அழுதார். கூட்டாளிகள் ஒவ்வொருவராகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போனார்கள். பயிற்சி டாக்டருக்கு அன்றைக்குக் கிடைத்தது திட்டு இல்லை, அந்தப் பார்வை. இப்போது அந்தப் பெயரையும் மாற்றிவிட்டார்களாம், ரேவதியின் போனில் வேறு மாதிரி இருந்தது. நல்லது.

இனி அமுலு. ரேவதியிடம் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

ஊத்துக்கோட்டைக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமம். புருஷன் முனிரத்தினத்துக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிற வேலை. அமுலுவும் அங்கேயே பேக்கிங்கில் இருந்தவள், வயிறு பெரிதானதும் நின்றுவிட்டாள். தலைப்பிரசவம். ஸ்கேனில் இரட்டை என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். வலி எடுத்து வெகுநேரம் ஆகியும் குழந்தை இறங்கவில்லை என்று காலையில் ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள். டாக்டர் கமலவேணி பரிசோதித்தார். கையை எடுக்க வழக்கத்தைவிட நேரமானது. “தியேட்டர்” என்றார்.

முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன். அமுலு விழித்துக்கொண்டுதான் இருந்தாள், நெஞ்சுக்கு மேலே ஒரு திரை. ஒரு தலை வந்தது. கூடவே அதைப் பார்த்தபடி இன்னொரு தலை வந்தது. ஒருத்தி கை இன்னொருத்தி தோளில் கிடந்தது. பிரியும் பிரியும் என்று நான் துணியை விரித்துக்கொண்டு நிற்கிறேன், பிரியவில்லை. கழுத்துக்குக் கீழிருந்து தொப்புள்வரை ஒன்றாகவே இருந்தார்கள். நாலு கை, நாலு கால், எல்லாம் அச்சாக, அழகாக இருந்தன. தொப்புள்கொடி மட்டும் ஒன்று.

முதலில் தலை காட்டிய பெரியவள் அழுதாள். சின்னவள் வாயைத் திறந்தாள், சத்தம் சரியாக வரவில்லை, உதடு நீலம் பாரித்திருந்தது. குழந்தை டாக்டர் மூக்கைத் துடைத்து ஆக்ஸிஜன் வைத்தார். ஸ்டெதாஸ்கோப்பை இவள் பக்கம் வைத்தார், அவள் பக்கம் வைத்தார், திரும்ப இவள் பக்கம் வைத்தார். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

திரைக்குப் பின்னாலிருந்து அமுலு, “சிஸ்டர், அழுவுதே! இன்னா கொழந்த சிஸ்டர்? ரெண்டும் நல்லாகீதா?” என்றாள்.

அதற்குள் ஆயாம்மா வெளியே போய்ச் சொல்லிவிட்டிருந்தாள். துணி எடுக்கத் தியேட்டர் கதவுக்கு வெளியே வந்த என்னை முனிரத்தினம் மறித்துக்கொண்டான். சின்னப் பையன், மீசைகூடச் சரியாக வரவில்லை.

“சிஸ்டர், உங்க காலுல உழறேன். அவளுக்குக் காட்டாதீங்க. செத்துப் பொறந்துச்சுன்னு சொல்லிடுங்க. ஊர்ல அவள இன்னா பேசுவாங்க தெரியுமா? பேய் பெத்தவன்னு சொல்லுவாங்க. அவ உயிர வுட்டுருவா சிஸ்டர்.”

தையலை உதவி டாக்டரிடம் கொடுத்துவிட்டு டாக்டரம்மா கதவருகே வந்து நின்றார். “நீங்க பாத்தீங்களா?” என்றார்.

“இல்லம்மா. என்னால ஆவாது.”

“பாக்கறதும் பாக்காததும் உங்க இஷ்டம். அவ கண்ணை நீங்க மூட முடியாது.” என் பக்கம் திரும்பினார். “ஸ்டெல்லா, போய்க் காட்டு.”

ஸ்டூலைப் போட்டு அமுலுவின் தலைமாட்டில் உட்கார்ந்தேன். துணியில் இரண்டு முகம் மட்டும் தெரியும்படி பிடித்தேன். அமுலு பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். “இவ மூக்கு எங்க நைனா மூக்கு” என்று சிரித்தாள். ஐயோ, அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நான் எப்படித் துணியைப் பிரிப்பேன்! பிரித்தேன்.

“அமுலு, நெஞ்சுல ஒட்டிப் பொறந்திருக்காங்கம்மா.”

வாயை மூடிக்கொண்டேன். அவள் கைகள் இரண்டையும் பலகையில் கட்டியிருந்தார்கள். ஒன்றை அவிழ்க்கச் சொன்னாள். மயக்க டாக்டர் அவிழ்த்துவிட்டார். அவள் ஒரு விரலால் கழுத்தடியிலிருந்து மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தாள். எங்கே இவள் முடிகிறாள், எங்கே அவள் தொடங்குகிறாள் என்று தேடினாள். அப்படி ஓர் இடமே இல்லை. கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது. நான் கேட்காமலேயே சொன்னாள்.

“ரெண்டும் பொண்ணு.”

ஆயாம்மா ஒரு பட்டியைத்தான் கொண்டுவந்திருந்தாள். “இன்னொண்ணு எடுத்துட்டு வா” என்றார் டாக்டரம்மா. கேஸ் ஷீட்டில், நெஞ்சு ஒட்டிய இரட்டைக்கு உள்ள பெயரை, தொராகோபேகஸ் என்று எழுதினார். எனக்கு அந்தச் சொல்லை முதன்முதலாக ஒரு நிஜக் குழந்தையின் மேல் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

பிரிக்க முடியுமா என்று பார்க்க மறுநாள் விடிந்ததும் சென்னைக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்சில் பின்னால் நானும் அவர்களும். முன்னால் டிரைவர் பக்கத்தில் முனிரத்தினம். வழி நெடுக ஒரு தடவைகூட அவன் திரும்பவில்லை. பிடரியை மட்டும்தான் பார்த்தேன். அந்தப் பிடரியில் ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றிருந்தது எனக்கு.

அங்கே இதய டாக்டர் வெகுநேரம் ஸ்கேன் பார்த்தார். பிறகு முனிரத்தினத்தை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். இரண்டு பேருக்கும் இதயம் ஒன்றுதான். அதுவும் ஒழுங்காக வளராத இதயம். ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தாலும் அந்த ஒருத்திக்கே போதாது. இங்கே வைத்திருந்தால் மெஷினில் இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். தாயிடம் கொண்டுபோனால் இருக்கிறவரை தாயிடம் இருப்பார்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அவன் என் பக்கம் கையைக் காட்டினான். நான் வார்டுக்குப் போன் போட்டு, டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் போய் அமுலுவிடம் சொன்னார். பிறகு அமுலுவின் குரல் வந்தது.

“இட்டுனு வந்துரு சிஸ்டர். மெஷினு வேணாம். எங்கிட்ட இட்டுனு வந்துரு. சீக்கிரம் வாங்க.”

கிளம்பினோம். சென்னையைத் தாண்டுமுன்பே சின்னவளுக்கு மூச்சு தடுமாறியது. பாதத்தைச் சுண்டினேன், ஆக்ஸிஜனைக் கூட்டினேன், பலிக்கவில்லை. மூச்சுக் கொடுக்கிற பையை எடுத்து அவள் மூக்கில் வைத்து அமுக்கினேன். பெரியவளுக்கும் வாயில் நுரை கட்டிக்கொண்டு வருகிறது, அதை உறிஞ்சி எடுக்க வேண்டும். எனக்கு இருப்பது இரண்டு கைதானே! இவர்களை உயிரோடு அமுலு மடியில் வைத்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் ஆண்டவரே என்று வாய்விட்டே ஜெபித்தேன். “வண்டிய நிறுத்துப்பா” என்று கத்தினேன். முனிரத்தினத்தைப் பார்த்து, “டேய், எறங்கி பின்னால வாடா! உம் பொண்ணுக்கு மூச்சு குடுடா!” என்றேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு தகப்பனை நான் டேய் என்று சொன்னதில்லை.

வந்தான். கண்ணை மூடிக்கொண்டே ஏறினான். பையை அவன் கையில் திணித்தேன். “கண்ணத் தொறந்து அமுக்கு! மெதுவா, மெதுவா, மூட்ட தூக்கற மாதிரி இல்ல, ரெண்டு விரலால அமுக்கு.” திறந்தான். வண்டி கிளம்பியது. வியர்வை அவன் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது.

“சிஸ்டர், இவ அவளயே பாத்துனு கீறா” என்றான்.

பெரியவள் கண்ணைத் திறந்திருந்தாள். எதிரே இருக்கிற முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அவளுக்கு எதிரே இருந்தது அந்த ஒரு முகம்தான்.

நாங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது வெளி நோயாளிகள் கூட்டம் வாசல்வரை நின்ற நேரம். டாக்டரம்மா அதை விட்டுவிட்டு வார்டு மூலையில் அமுலுவின் கட்டிலைச் சுற்றித் தடுப்பு வைத்துக் காத்திருந்தார். ஆண்களை உள்ளே விடாத வார்டு அது. முனிரத்தினம் பையை அமுக்கிக்கொண்டே கூட வந்தான், யாரும் தடுக்கவில்லை. இரண்டு பேரையும் அமுலுவின் நெஞ்சில் வைத்தேன். உயிரோடு வைத்தேன். அமுலு ஒருத்தி உச்சியை முகர்ந்தாள், பிறகு மற்றவள் உச்சியை முகர்ந்தாள்.

பெரியவளுக்குக் காம்பைப் பிடிக்கத் தெரிந்தது. குடித்தாள். சின்னவளுக்கு முடியவில்லை. அமுலு ஒரு விரலில் பாலைத் தொட்டுச் சின்னவள் உதட்டில் வைத்தாள். “நீ அமுக்குனது போதும்யா. அவள வுடு. கஷ்டப்படறா” என்று புருஷனிடம் சொன்னாள். அவன் டாக்டரம்மாவைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். பையை எடுத்துவிட்டான்.

அப்புறம் கொஞ்ச நேரம்தான். சின்னவளிடம் ஓர் அசைவும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. டாக்டரம்மா குனிந்தார். மூச்சு இல்லை. இமையைப் பிரித்து டார்ச் அடித்தார், கண் சுருங்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். இதயம் அடித்துக்கொண்டிருந்தது. இதயம் நின்றால் இறப்பு என்று படித்தவர்கள் நாங்கள். இங்கே சின்னவள் போய்விட்டாள், அவளுடைய இதயம் பெரியவளுக்காக ஓடிக்கொண்டிருந்தது. இதற்கு ஒரு பெயரை நான் எங்கேயும் படித்ததில்லை. டாக்டரம்மாவும் படித்திருக்க மாட்டார், அவர் முகம் அப்படி இருந்தது. அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். நோயாளியின் கட்டிலில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

“அமுலு, சின்னவ போயிட்டாம்மா.”

முனிரத்தினம் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். “அப்ப இவளயாவது! இவள மட்டும் பிரிச்சுக் குடுங்கம்மா! இன்னா ஆனாலும் பரவால்ல, இவள மட்டும்...” என்று ஆரம்பித்தவன் அதற்கு மேல் முடியாமல் தலையில் அடித்துக்கொண்டு பெரிதாக அலறினான்.

“ஷ்ஷ்...” என்றாள் அமுலு. அவள் அழவில்லை. ஒரு கையால் பெரியவளின் காதைப் பொத்தியிருந்தாள்.

“மெதுவா பேசுங்க. இவ பாலு குடிச்சினு கீறா. அவ போனது இவளுக்குத் தெரிய வேணாம்.”

முனிரத்தினம் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டான். பெரியவள் குடிப்பதை நிறுத்தும்வரை நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை.